மூன்றாவது முழுக்கு

என் கணவர் வீட்டுப் பங்காளிகள் மொத்தம் நாற்பத்திரண்டு தலைக்கட்டு. பெண் பார்க்க வந்தபோது அதைப் பெருமையாகத்தான் சொன்னார்கள். அந்த நாற்பத்திரண்டு வீட்டில் எந்நேரமும் யாராவது ஒருவர் கட்டிலில் இழுத்துக்கொண்டு கிடப்பார் என்பதையும், நான் பெட்டி கட்டுகிற நாளாகப் பார்த்துத்தான் போய்ச் சேர்வார் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

கல்யாணமான மூன்றாம் வாரம் ஊட்டிக்குக் கிளம்பினோம். ஸ்வெட்டர்கூட வாங்கியாயிற்று. விடிந்ததும் சேதி வந்தது. யாரோ ஒரு சின்னப் பாட்டனார், நான் முகத்தைக்கூடப் பார்த்திராதவர். அடுத்தது கொடைக்கானல். உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்த பிறகு போன் அடித்தது. திருப்பதி இரண்டு தடவை. சரி, இதெல்லாம் தூரம், விடுங்கள். கல்வராயன் மலை எங்களுக்குக் கூப்பிடு தூரம்தானே? பெரியார் அருவியில் ஒரே ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்று ஆசைப்பட்டேன். வண்டி மலையேறி, தண்ணீர்ச் சத்தம் காதில் விழுகிற இடத்துக்கு வந்தபோது ஒரு பெரியம்மா காலமாகிவிட்டார். இவர் அங்கேயே வண்டியைத் திருப்பினார். பதினான்கு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

பங்காளி வீட்டுச் சாவு என்றால் எங்கள் பக்கம் சட்டம் கறார். சேதி காதில் விழுந்த இடத்திலேயே, கட்டிய துணியோடு, மூன்று முழுக்குப் போட்டுத் தலை முழுக வேண்டும். குளத்துக்கும் ஆற்றுக்கும் இப்போது எங்கே போவது? அதனால் குழாயடியில் மூன்று சொம்பு ஊற்றிக்கொண்டால் போதும் என்று ஒரு சலுகை உண்டு. அதற்கப்புறம் பதினாறு நாள் தீட்டு. கோயில் கூடாது, விசேஷம் கூடாது, ஊர் சுற்றுவது அறவே கூடாது. செத்தவருடைய சொந்த வீட்டுக்கு மட்டும் இது ஒரு வருஷம்.

இந்தச் சட்டத்துக்கெல்லாம் காவல்காரர் என் பெரிய மாமா, அதாவது காலமாகிவிட்ட என் மாமனாருக்கு அண்ணன். பெயர் பாவாடை. சிரிக்காதீர்கள், பாவாடைராயன் சாமி பெயர் அது. மணலூர்பேட்டைப் பக்கம் எங்கள் ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான். நான் எலவனாசூர்கோட்டைக்காரி. எங்கள் வீட்டுக் கிணறு எழுபது அடி. ஆறு வயதில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி என் அப்பா என்னை உள்ளே தூக்கிப் போட்டார். பத்து வயதில் அடியில் கிடக்கிற கல்லை எடுத்துக்கொண்டு மேலே வருவேன். கல்யாணமாகி வந்த முதல் தை மாதம் பெரிய மாமா கிணற்றில் ஓர் ஆட்டுக்குட்டி விழுந்துவிட்டது. ஆம்பளைகள் ஆறு பேர் சுற்றி நின்று கயிறு எங்கே, கயிறு எங்கே என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தேன். குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தேன். ஒருத்தராவது வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே? பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் மாமியார் கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டார்.

“நம்ம வூட்டுப் பொம்பள கெணத்துல எறங்குனா சாவறதுக்குத்தான் எறங்குவா. நீச்சலடிக்கிறதுக்கு இல்ல. உன் மருமவகிட்ட சொல்லி வை.”

அன்றோடு முடிந்தது. அதற்கப்புறம் பாத்ரூம் பக்கெட்டையும் குழாயடிச் சொம்பையும் தவிர வேறு தண்ணீர் என் தலையில் பட்டதில்லை.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை. என் கணவர் அன்புச்செல்வன் கல்லாவில் இருப்பார். விவசாயிகள் கேரிபேக்கில் போட்டுக் கொண்டுவருகிற மக்காச்சோள இலையையும் மரவள்ளி இலையையும் திருப்பிப் பார்த்து, இது இன்ன பூச்சி, இது இன்ன நோய் என்று சொல்வது நான். போன வருஷம் மக்காச்சோளத்தைத் தின்கிற படைப்புழுவுக்கான மருந்து கன்னாபின்னாவென்று ஓடியது. கம்பெனிக்காரன் டீலர்களை எல்லாம் அந்தமானுக்குக் கூட்டிப்போகிறேன் என்றான். அதிசயமாக இந்தத் தடவை வீட்டம்மாவையும் கூட்டிவரலாம் என்றான்.

நான் செய்த முதல் காரியம், நாற்பத்திரண்டு வீட்டுக்கும் போன் போட்டு யாருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்ததுதான். “ஜெயசுதா மாதிரி அக்கறையா விசாரிக்கிற மருமவ நம்ம வகையறாவுலயே கெடையாது” என்று எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. எல்லாரும் கல்லு மாதிரி இருந்தார்கள். பெரிய மாமாவுக்கு மட்டும் எண்பத்தோரு வயது, நெஞ்சில் சளி. ஆனால் அவர் இதற்குமுன் மூன்று தடவை இழுத்துக்கொண்டு கிடந்து, மூன்று தடவையும் எழுந்து உட்கார்ந்து கறிக்குழம்பு கேட்டவர். இப்போதைக்குப் போகமாட்டார் என்று மனசார நம்பினேன்.

அந்தமானில் மூன்றாம் நாள் காலை எங்களைப் படகில் ஏற்றினார்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் பவளப்பாறை, அங்கே இறங்கி மீன் பார்க்க வேண்டும். கைடு ஜெயப்பிரகாஷ் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவர் ஓர் அட்டையை நீட்டினார். அதில் அறுபது மீன் படம், கீழே பெயர். எங்கள் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிற பூச்சிப் படம் மாதிரியே இருந்தது. முதல் நாளே அதை வாங்கி நான் மனப்பாடம் செய்துவிட்டிருந்தேன். தண்ணீர் அப்படி ஒரு பச்சை. படகிலிருந்து குனிந்து பார்த்தாலே அடியில் ஏதோ மஞ்சளாக ஓடுவது தெரிந்தது.  என் கணவர் படகுக்கு நடுவில், இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிணற்றடிக்கே போகாத மனுஷன்.

அப்போது அவர் கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் உறைக்குள் போன் அடித்தது. இளஞ்செழியன் என்று காட்டியது. அவர் தம்பி, ஊரில் இருப்பவன்.

“எடுக்காதீங்க” என்றேன்.

எடுத்துவிட்டார். இஞ்சின் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரை வேறு போட்டார்.

“அண்ணா, பெரியப்பா போய்ட்டாருண்ணா. இப்பதான், பத்தரைக்கு. இட்லி துன்னுக்கினே இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு.”

பொய் சொல்ல மாட்டேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். இன்னும் நாலு இட்லி தின்றுகொண்டிருக்கக் கூடாதா அந்த மனுஷன்? மூன்று தடவை போய்விட்டுத் திரும்பி வந்தவருக்கு நாலாவது தடவையும் திரும்பி வர என்ன கேடு?

“அய்யய்யோ பெரியப்பா!” என்று இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சாயங்காலமே எடுத்துவிடுவார்கள் என்றும், எங்களுக்கு மறுநாள்தான் விமானம் என்றும் அண்ணன் தம்பி பேசி முடித்தார்கள். போனை வைத்தபோது இவர் முகத்தில் துக்கத்தோடு ஒரு நிம்மதியும் இருந்ததை நான் பார்த்தேன்.

“சாவு சேதி கேட்டாச்சி. இனிமே மீனாவது மண்ணாவது. போட்டைத் திருப்பச் சொல்லு.”

“தல முழுவ வேணாமா?” என்றேன்.

“ரூமுக்குப் போயி முழுவிக்கலாம்.”

“சேதி கேட்ட எடத்துலயே முழுவணும்னு சொன்னது யாரு? நானா? அவருதான? செத்த அன்னிக்கே அவரு பேச்ச மீறப் போறீங்களா?”

அவர் படகைச் சுற்றிப் பார்த்தார். சுற்றிலும் தண்ணீர். தண்ணீர் இல்லை என்றுகூடச் சாக்குச் சொல்ல முடியாது.

ஜெயப்பிரகாஷிடம் விவரத்தைச் சொன்னோம். மனுஷர் கும்பிட்டுத் துக்கம் விசாரித்தார். ஆனால் ஒன்றில் பிடிவாதமாக நின்றார். “சாவோ கல்யாணமோ, மாஸ்க்கும் டியூப்பும் மாட்டாம நான் யாரையும் தண்ணில இறக்க மாட்டேன். லைஃப் ஜாக்கெட்டும் போடணும்.”

முதலில் இவர் இறங்கினார். முகத்தில் கண்ணாடி, வாயில் குழாய், உடம்பில் ஆரஞ்சு ஜாக்கெட், இரண்டு கையிலும் ஏணி. முழுக வேண்டும் என்று குனிகிறார், ஜாக்கெட் மேலே தூக்குகிறது. மறுபடி குனிகிறார், மறுபடி தூக்குகிறது. கடைசியில் ஜெயப்பிரகாஷ் இவர் உச்சந்தலையில் கை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று அமுக்கி எடுத்தார். மூன்றாவதற்கு இவர் ஏணியோடு சேர்த்து ஜெயப்பிரகாஷின் காலையும் பிடித்துக்கொண்டார். படகிலிருந்த மற்ற டீலர்கள் துக்க வீடாயிற்றே என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

அடுத்து நான். ஏணியைப் பிடிக்காமல் பத்துக் கை நீந்திக் காட்டினேன். ஜெயப்பிரகாஷ் பார்த்துவிட்டு, “அக்காவுக்கு ஜாக்கெட் வேணாம், இந்த வளையத்த மட்டும் பக்கத்துல வச்சுக்கோங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்குக் கோயில் கட்டலாம்.

முதல் முழுக்குப் போட்டேன். கண்ணாடி வழியாக அடி தெரிந்தது. கிணற்றில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டும் பாசியும்தான். இங்கே பகல் வெளிச்சம் அப்படியே தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. எழுந்தேன். இரண்டாவது முழுக்கு. என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் மஞ்சளில் கறுப்புப் பட்டை போட்ட மீன் இரண்டு, ஜோடியாக, என்னைக் கண்டுகொள்ளாமல் போயின. எழுந்தேன்.

மூன்றாவது முழுக்குக்கு மூச்சு இழுக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மூன்று முழுக்கு என்பது கணக்கு. மூன்றாவது முழுக்கு எவ்வளவு நேரம் என்று இதுவரைக்கும் எந்தப் பங்காளியும் சொன்னதில்லை. மூச்சு முட்டினால் தானாக எழுந்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டார்கள். என் வாயில்தான் மூச்சு விடுகிற குழாய் இருக்கிறதே? தலையைத் தூக்கினால்தான் முழுக்கு முடியும். நான் ஏன் தூக்க வேண்டும்?

முழுகினேன். தூக்கவில்லை.

பவளப்பாறையை நான் பூ மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். சில இடம் காலிபிளவர், சில இடம் மான்கொம்பு, பல இடம் வெறும் சாம்பல் கல். ஆனால் அந்தக் கல்லைச் சுற்றித்தான் கூட்டம். பச்சையும் ஊதாவுமாக ஒரு பெரிய மீன் வந்து கல்லைக் கடித்தது. கடிக்கிற சத்தம் தண்ணீருக்குள் கறுக் கறுக்கென்று கேட்டது. கிளிமீன், அட்டையில் முதல் வரிசை. கடித்துத் தின்ற கல்லைப் பின்னாலேயே மணலாகக் கழித்துக்கொண்டு போனது. ஒரு மூலையில் நாலைந்து பெரிய மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் நின்றன. நீலக்கோடு போட்ட, விரல் நீளமே உள்ள ஒரு பொடி மீன் ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் புகுந்து பல் இடுக்கைச் சுத்தம் செய்துவிட்டு வெளியே வந்தது. ஒரு மீன்கூட வாயை மூடவில்லை, முறை தவறவில்லை. எங்கள் ஊர் ரேஷன் கடையில் இந்த ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

ஆடிக்கொண்டிருந்த விரல்கள் போன்ற ஏதோ ஒன்றுக்குள்ளிருந்து ஆரஞ்சு மீன் ஒன்று எட்டிப் பார்த்தது. உடம்பில் வெள்ளைப் பட்டை. என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். நான் கிட்டே போனதும் ஓடி ஒளியாமல் என் கண்ணாடியை நோக்கி முட்ட வந்தது. அது அதனுடைய வீடாம். எனக்குச் சிரிப்பு வந்து குழாய்க்குள் தண்ணீர் போய்விட்டது. ஊதி வெளியே தள்ளினேன், தலையைத் தூக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, என் கூடவே இறங்கி நீந்திக்கொண்டிருந்த ஜெயப்பிரகாஷ் கேமராவை நீட்டினார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

மேலே இவர் கத்துவது கிணற்றுக்குள் கேட்கிற மாதிரிக் கேட்டது.

“ஏய் ஜெயசுதா! எழுந்திரு! மூணு முழுக்கு ஆயிடிச்சி!”

நான் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டுதான் முடிந்திருக்கிறது, மூன்றாவது நடந்துகொண்டிருக்கிறது.

“உச்சந்தல காயிதுடி! அது கணக்குல வராது!”

அது நியாயமான பேச்சு. உடனே கவிழ்ந்து இரண்டு ஆள் ஆழம் உள்ளே போனேன். அங்கே ஒரு பாறையில் எனக்கு ஏதோ உறுத்தியது. இலையின் அடிப்பக்கம் இலை நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிற புழுவைப் பதினான்கு வருஷம் தேடிய கண் இது. உற்றுப் பார்த்தேன். பாறைக்கு ஒரு கண் இருந்தது. கல்லோடு கல்லாக, பாசியோடு பாசியாகப் படுத்திருந்த மீன். ஜெயப்பிரகாஷைக் கையசைத்துக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கே முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். முதுகில் விஷ முள்ளாம். பிறகு என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். தண்ணீருக்குள் எனக்குக் கிடைத்த அந்தக் கும்பிடு மாதிரி ஒன்று தரையில் கிடைத்ததில்லை.

துக்கப்படத்தான் பார்த்தேன். செத்தவர் பெரியவர் ஆயிற்றே என்று இரண்டு தடவை வலுக்கட்டாயமாக அவர் முகத்தை நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு மீன் குறுக்கே வந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கினேன். மூன்றாவது முழுக்கு முடிந்தது. படகில் ஏறியதும் இவர் துண்டைக்கூட நீட்டவில்லை.

மறுநாள் ஊர் வந்து சேர்ந்தோம். அதற்குள் அந்தப் படம் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. கம்பெனிக்காரன் டீலர்கள் குரூப்பில் எல்லாப் படத்தையும் போட்டுவிட்டான். அந்தக் குரூப்பில் வெற்றிவேல் இருக்கிறான். பெரிய மாமாவின் ஒரே மகன், உளுந்தூர்பேட்டையில் எங்களை மாதிரியே மருந்துக் கடை வைத்திருப்பவன். படைப்புழு அந்தப் பக்கம் கொஞ்சம் கம்மி, அதனால் அவனுக்கு அந்தமான் கிடைக்கவில்லை. அவன் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். மற்றவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, சாப்பிட்ட இலையை எடுத்த பிறகு, பந்தலில் எல்லாரையும் உட்காரச் சொன்னார்கள். ஆம்பளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம். நடுவில் பகலவன், என் கணவருக்குச் சித்தப்பா முறை. பெரிய மாமா போன பிறகு இப்போது வகையறாவுக்கு மூத்தவர் அவர்தான். அன்றைக்குத்தான் முதல் பஞ்சாயத்து, அதனால் மடிப்புக் கலையாத துண்டு போட்டிருந்தார்.

வெற்றிவேல் எழுந்தான். “எங்கப்பா ஐஸ்பெட்டியில படுத்துக்கினு இருக்காரு. நான் பக்கத்துல ஒக்காந்துக்கினு இருக்கேன். போன்ல டிங்குன்னுது. தொறந்து பாத்தா அண்ணி. கடலுக்குள்ள கட்டைவிரலக் காட்டிக்கினு. அதுக்குக் கீழ ‘அந்தமானில் குதூகலம்’னு எழுதி வெச்சிருக்கான். இதுக்கு இன்னா பதில் சொல்றீங்க?”

போன் கை மாறிக் கை மாறிப் போனது. ஒவ்வொருத்தரும் படத்தையும் என்னையும் பார்த்தார்கள்.  தள்ளி வைத்துவிடுவார்களோ, கடைசி வரைக்கும் குத்திக் காட்டுவார்களோ என்று பயந்தேன். என்னைவிட இவர் பயந்திருந்தார். பயத்தில் இவர் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது.

“சித்தப்பா, அது குதூகலம் இல்ல. தலமுழுக்கு. சேதி கேட்ட எடத்துலயே முழுவணும்னு இவதான் சொன்னா. நான்கூட ரூம்ல முழுவலாம்னேன். இவ ஒத்துக்கல.”

 பகலவன் போனை வாங்கி எட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சேதி சொன்னது எத்தினி மணிக்கி?”

“பத்தே முக்கா” என்றான் இளஞ்செழியன்.

“படத்துல பதினொண்ணேகால்னு போட்டிருக்குது. அப்ப அர மணி நேரமா முழுவிக்கினு இருந்துதா?”

“முக்கா மணி நேரம் சித்தப்பா. மூணாவது முழுக்குல தலையே தூக்கல. நான் தொண்ட கிழியக் கத்தினேன்.”

பகலவன் பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்டவர் மாதிரி நிமிர்ந்தார். “டேய் வெற்றி, நீ எங்கடா முழுவின?”

“கொழாயடியில.”

“நானும் கொழாயடியிலதான். மூணு சொம்பு. அதுலயும் ஒரு சொம்பு பாதிதான் ஊத்திக்கினேன், சளி புடிச்சிருந்திச்சி. இந்த நாப்பத்திரெண்டு வூட்டுல எவன்டா அண்ணனுக்காகக் கடல்ல முழுவினான்? முக்கா மணி நேரம்! பெத்த புள்ள நீயே முழுவல.”

“அந்தக் கட்டைவிரலு?” என்றான் வெற்றிவேல், சுருதி இறங்கி.

பகலவன் மறுபடி படத்தைப் பார்த்தார். “மேல போய்ட்டாருன்னு காட்டுது” என்றார்.

பொம்பளைகள் பக்கம் உச்சுக் கொட்டினார்கள்.  தப்பித்தோம் என்று ஒரு மூச்சு விட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் முதல் பஞ்சாயத்து அல்லவா, பகலவன் தீர்ப்பு சொல்லியே ஆக வேண்டும்.

“இந்தப் பொண்ணுக்குப் பதினாறு நாளோட தீட்டு முடிஞ்சிதுன்னு சொல்றது மொற இல்ல. இது செஞ்ச காரியத்துக்கு அது அவமரியாத. வெற்றிவேல் வூட்டுக்கு எப்பிடி ஒரு வருஷமோ, அப்பிடியே இந்தப் பொண்ணுக்கும் ஒரு வருஷம். அந்தக் கவுரவம் இதுக்கு உண்டு. ஒரு வருஷத்துக்கு எங்கயும் போவ வேணாம், எதுலயும் கலந்துக்க வேணாம்.”

அடுத்த வருஷம் மாலத்தீவு என்று கம்பெனிக்காரன் விமானத்திலேயே சொல்லியிருந்தான். அங்கே திருக்கை மீன் கூட்டமாக வருமாம். நான் இவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வாரா என்று பார்த்தேன்.

“சரிங்க சித்தப்பா” என்றார். உடனே சொன்னார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. எழுந்து நின்றேன். கருமாதிப் பந்தலில், அத்தனை ஆம்பளைகளுக்கு முன்னால், தலையில் முந்தானைகூட இல்லாமல்.

“நான் துக்கத்துல முழுவல. மீனு பாத்தேன். முக்கா மணி நேரமும் மீனுதான் பாத்தேன். சந்தோஷமா இருந்தேன். இந்த வூட்டுக்கு வந்து பதினாலு வருஷத்துல அன்னிக்கு ஒரு நாள்தான் சந்தோஷமா இருந்தேன். அந்தக் கட்டைவிரலு நல்லா இருக்குன்னு காட்டுனது. பெரிய மாமா நெனப்பே எனக்கு வரல. போதுமா?”

 சமையல்காரர்கூடப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

சொன்னதோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ. ஆனால் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நம்ப மாட்டீர்களா, இதோ கேளுங்கள் என்று ஆரம்பித்தேன். கல்லைக் கடிக்கிற மீன், வாயைப் பிளந்துகொண்டு வரிசையில் நிற்கிற மீன், என்னை முட்ட வந்த ஆரஞ்சு மீன். சொல்லச் சொல்லத்தான் ஒன்று உறைத்தது. இதையெல்லாம் நான் இதுவரைக்கும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. பதினாறு நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்தேன், கேட்பதற்கு ஓர் ஆள் இல்லை. இனிமேல் அதைப் பார்க்கவும் போவதில்லை.  கண்ணில் தண்ணீர் கொட்டியது. நிற்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.

“பாவம், உள்ளுக்குள்ளயே வெச்சிக்கினு இருந்திருக்குது” என்றார் என் மாமியார்.

“துக்கம் முத்திப் போனா இப்பிடித்தான் சம்மந்தம் இல்லாம பேச வெக்கும்” என்றார் பகலவன். வெற்றிவேல் வந்து, “அண்ணி, மன்னிச்சிக்கோங்க அண்ணி” என்று காலைத் தொட்டான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்ட ஆட்ட அழுகை ஜாஸ்தியானது. அழுகை ஜாஸ்தியாக ஆக, சுற்றியிருந்தவர்களும் அழத் தொடங்கினார்கள்.

பொம்பளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு தோளோடு தோள் சேர்த்துக் கட்டிப் பிடித்தார்கள். நடுவில் என்னைக் கட்டியிருந்தவர் பெரியத்தை ஆயம்மாள், செத்துப்போனவருடைய மனைவி. ஐம்பத்திரண்டு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவர். கடலூர் இங்கிருந்து இரண்டு மணி நேரம், அவர் கடலைப் பார்த்ததில்லை. எங்கள் வகையறாவில் ஒப்பாரிக்கு அவரை மிஞ்ச ஆள் கிடையாது. என் கழுத்தில் கையைப் போட்டு, முன்னும் பின்னும் ஆடி, இழுத்தார் பாருங்கள்:

“கல்லக் கடிக்கும் மீனு ஒண்ணு
கடலுக்குள்ள இருக்குதாம்
எங் கட்டிலு காலியானதும்
அதுக்கு எப்பிடித் தெரிஞ்சிதாம்...”

எனக்கு அழுகை பாதியில் நின்றுவிட்டது. என் கிளிமீன்! அதை எடுத்து அந்த மனுஷருக்கு ஒப்பாரியாக வைத்துவிட்டார்கள். மற்ற பொம்பளைகள் “தெரிஞ்சிதாம்... தெரிஞ்சிதாம்” என்று பின்பாட்டுப் பாடினார்கள்.

“வாயத் தொறந்து வரிசையில
வந்து நின்ன மீனுங்கெல்லாம்
எம் மன்னன் பேரச் சொல்லிச் சொல்லி
மாரடிச்சி நின்னுதாம்...”

மாரடிக்கவில்லை, பல் சுத்தம் செய்துகொண்டிருந்தன என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்பாட்டுச் சத்தம் எழும்பியது. அந்தச் சத்தத்துக்கு அடியில், ஆடுகிற ஆட்டத்தை நிறுத்தாமல், பெரியத்தை என் காதோடு வாயை வைத்தார்.

“அப்புறம்?” என்றார்.

“இன்னாது?”

“அப்புறம் இன்னா பாத்த, சொல்லு.”

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கதை கேட்கிற கண் அது. பின்பாட்டு முடிவதற்குள் சொல்லியாக வேண்டும் என்று என் கழுத்தை இன்னும் இறுக்கினார்.

பாறை மாதிரி படுத்திருந்த மீனைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து, கணீரென்று அதைப் பாட்டில் வைத்தார், கண்ணெதிரில் இருந்தும் யாருக்கும் தெரியாத மீன் என்று. பொம்பளைகள் ஏந்திக்கொண்டதும் மறுபடி குனிந்தார். “அப்புறம்?” ஜோடி ஜோடியாகப் போன மஞ்சள் மீனைச் சொன்னேன். அதையும் பாடினார். “நெசமாவே மஞ்சளா?” என்று நடுவில் கேட்டார். நெசமாகவே மஞ்சள்தான் என்றேன், நாம் பூசுகிற மஞ்சளைவிட மஞ்சள் என்றேன். ஆம்பளைகள் எல்லாம் துண்டை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினார்கள்.

“அப்புறம்?”

“ஆமை ஒண்ணு பாத்தேன் அத்தே. இம்மாம் பெருசு. எம் பக்கத்துலயே நீந்திக்கினு வந்திச்சி.”

பெரியத்தை ஒரு நொடி யோசித்தார்.

“ஆமைய வுடு. சாவு நடந்த வூட்டுக்கு ஆவாது. வேற சொல்லு.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த மீனைச் சொன்னேன்.